காரைக்குடி வானில் இரட்டைக் குவாசர்: படம் பிடித்துக் கரும்பொருளைக் கணக்கிடும் முறை

கரும்பொருள் (டார்க் மேட்டர்) ஒளிர்வதும் இல்லை, பின்னால் வரும் ஒளியை மறைப்பதும் இல்லை. ஆனால் அதற்கு ஈர்ப்பு உண்டு; கடந்து போகும் ஒளியை வளைக்கும். எவ்வளவு வளைந்தது என்று அளந்தால், வழியில் எவ்வளவு பொருள் கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பொருள் ஒளிர்கிறதா இருண்டு கிடக்கிறதா என்பது இந்த அளவீட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இதற்கு ஹபிள் விண்தொலைநோக்கிதான் வேண்டும் என்றில்லை. சப்தரிஷி மண்டலத்தின் ஓரத்தில் கியூ 0957+561 என்ற இரட்டைக் குவாசர் இருக்கிறது (குவாசர் என்பது மிகத் தொலைவிலுள்ள கேலக்ஸியின் பிரகாசமான மையம்). உண்மையில் அது ஒரே குவாசர். ஏறக்குறைய 900 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட அதன் ஒளி, வழியில் ஒரு பெரும் விண்மீன் மண்டலத்தையும் (கேலக்ஸி; இனி வெறும் மண்டலம்) அதைச் சுற்றியுள்ள மண்டலக் கொத்தையும் கடக்கையில் இரண்டு பாதைகளாகப் பிரிந்து, 6.1 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் செகண்ட் பாகையில் 3600இல் ஒரு பங்கு) இடைவெளியில் இரண்டு புள்ளிகளாக நம்மை வந்தடைகிறது. 1979இல் டென்னிஸ் வால்ஷ், ராபர்ட் கார்ஸ்வெல், ரே வைமன் மூவரும் இரு புள்ளிகளின் நிறமாலையும் ஒன்றே என்று கண்டார்கள். இப்படி ஈர்ப்பால் ஒளியை வளைக்கும் பொருளுக்கு ஈர்ப்பு வில்லை (லென்ஸ்) என்று பெயர்; முதன்முதலில் பிடிபட்டது இதுதான். இரண்டு புள்ளிகளும் 17ஆம் ஒளிர்வெண்ணை ஒட்டியவை (எண் கூடக் கூட மங்கல்). 8 அங்குலத் தொலைநோக்கியும் குளிரூட்டிய கேமராவும் இருந்தால், காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எங்கிருந்தும் பிடித்துவிடலாம்.

தொலைநோக்கியில் நெபுலாக்களையாவது படம் எடுத்துப் பழகியவர்களுக்கான குறிப்பு இது. கருவி இல்லாதவர்கள் கணக்குப் பகுதியிலிருந்து தொடங்கலாம். அதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படங்களே போதும்.

ஆத்தங்குடித் தளத்தில் ஒரு முன்னோட்டம்

வானத்துக்குப் போகும் முன் இரண்டு புள்ளி ஏன் வருகிறது என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில், கிண்ணம் உடைந்து அடித்தட்டு மட்டும் மிஞ்சிய ஒயின் கிளாஸ் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அடித்தட்டு தட்டையாக இல்லாமல், ஓரத்திலிருந்து தண்டை நோக்கி வளைந்து உயர வேண்டும். தண்டு உடைந்த இடத்தை உப்புத்தாள் கொண்டு ஈரத்தில் தேய்த்து மழுக்கி, மேலே கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஆத்தங்குடி ஓடு பதித்த தரையில் நிறம் பிரியும் ஓரக் கோடாகப் பார்த்து, மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு வையுங்கள். கண்ணாடியை அதற்கு மேலே பிடித்து மெல்லத் தூக்கியும் தாழ்த்தியும் பாருங்கள். பொட்டு நடுத் தண்டுக்கு நேர் கீழே வரும்போது வட்ட வளையமாகும். கொஞ்சம் தள்ளினால் வளையம் உடைந்து இரண்டு விற்களாகும். இன்னும் தள்ளினால் ஒரு பக்கம் பெரிய புள்ளி, எதிர்ப்பக்கம் தண்டை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. நம் குவாசர் இந்தக் கடைசி நிலையில்தான் இருக்கிறது: ஒரு பிம்பம் வில்லை மண்டலத்திலிருந்து 5 ஆர்க் செகண்டுக்குக் கொஞ்சம் மேலே, மற்றது 1 ஆர்க் செகண்ட் தள்ளி எதிர்ப்பக்கத்தில்.

சாதாரண பூதக்கண்ணாடியால் இது நடக்காது. அதில் ஓரத்தில் வளைவு அதிகம், நடுவில் குறைவு. அதனால்தான் ஒளி ஒரு குவியத்தில் சேருகிறது. ஈர்ப்பு வில்லையில் நேர்மாறு: நடுவை நெருங்க நெருங்க வளைவு கூடும், குவியம் என்று ஒன்று கிடையாது. ஒயின் கிளாஸின் அடி தற்செயலாக அந்த வடிவில் அமைந்துவிடுகிறது.

நாளும் நேரமும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம்; விட்டுவிடுங்கள். மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் இதற்கு. வான வரைபடத்தில் குவாசரின் இடம் வல ஏற்றம் 10 மணி 1 நிமிடம் 21 நொடி, நடுவரை விலக்கம் வடக்கு 55 பாகை 54 கலை (கலை என்பது பாகையில் 60இல் ஒரு பங்கு). காரைக்குடி 10 பாகை வட அகலாங்கில் இருப்பதால், உச்சம் தொடும்போதும் அது வடக்கே 44 பாகை உயரத்துக்கு மேல் போகாது. உச்சம் தொடும் நேரம் பிப்ரவரி நடுவில் இரவு 12.30 வாக்கில், மார்ச் 21இல் 10.20 வாக்கில், ஏப்ரல் நடுவில் 8.40 வாக்கில். அதற்கு முன்பின் ஒன்றரை மணி நேரம் பயன்படும். அதற்கப்பால் தாழ்ந்து, தூசுப் படலத்துக்குள் போய்விடும்.

ஊர் நேரம் இந்திய நேரத்துக்கு ஏறக்குறைய 15 நிமிடம் பின்தங்கியது. பஞ்சாங்கமோ செயலியோ பார்க்கும்போது ஊரைச் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இன்னொன்று: மாசி-பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மன் திருவிழா வரும். அந்த நாட்களில் நகருக்குள் சீரியல் விளக்கு வெளிச்சத்தில் 17ஆம் ஒளிர்வெண்ணைத் தேடுவது வீண்வேலை. கிராமத்துப் பக்கம் போய்விடுங்கள்.

எங்கே நிறுத்துவது

செட்டிநாட்டு வீட்டின் வளவு காற்றுக்கு ஒதுக்கமாக இருக்கும், ஆனால் நான்கு பக்கமும் ஓட்டுக்கூரை வடவானத்தை மறைத்துவிடும். முகப்பு மொட்டை மாடி சரிதான். வீடு பங்காளிகளின் பொதுச் சொத்தாகப் பூட்டிக் கிடந்தால் சாவி வைத்திருப்பவரோடு நிறுத்திக்கொள்ளாமல் உரியவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நடு இரவில் சிவப்பு விளக்கோடு மாடியில் ஆள் நடமாடினால் தெருவே கூடிவிடும்.

மாடியில் இரண்டு தொல்லை. முதலாவது வெப்பம். பங்குனி வெயிலில் காய்ந்த தளம் இரவு பத்து பதினொன்று வரை அனலை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று மேலே எழுவதால் விண்மீன் புள்ளி 5 ஆர்க் செகண்டுக்கு ஊதிப்போகும். நமக்கு வேண்டிய இடைவெளியே 6.1தான், ஊதிய இரண்டு புள்ளிகள் ஒட்டி ஒரே நீளப் பொட்டாகிவிடும். சாயங்காலமே தளத்தில் நாலைந்து குடம் தண்ணீர் கொட்டிக் குளிரவிட்டால் ஓரளவு குறையும். இரண்டாவது அதிர்வு. முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் ஓடும் இடத்தின் மேல் வையுங்கள். படம் ஓடும்போது யாரும் நடக்கக் கூடாது.

இதைவிட ஊருக்கு வெளியே செம்மண் பொட்டல் மேல். ஊருணிக் கரையில் பார்வை நன்றாகத் திறந்திருக்கும். ஆனால் மாசியில் விடியற்பனி கண்ணாடியில் இறங்கும். வழிகாட்டித் தொலைநோக்கிக்கு வெப்பப் பட்டை கட்டாமல் அங்கே போகாதீர்கள்.

மின்சாரம்: மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கி வானோடு சுழற்றும் கருவி), குளிரூட்டிய கேமரா, சிறு கணினி மூன்றும் சேர்ந்து 12 வோல்ட்டில் 5 முதல் 6 ஆம்பியர் இழுக்கும். ஐந்து மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-மணி. காரீய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 60க்குக் குறையாமல் வேண்டும். லித்தியம் பாஸ்பேட் என்றால் 40 போதும்.

துருவம் 10 பாகையில்: இங்கேதான் பலரும் சிக்குவது

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வேலை செய்பவர்களுக்குச் செட்டிநாட்டில் முதல் இடறல் இது. துருவ விண்மீன் இங்கே தொடுவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. தென்னையோ பக்கத்து வீட்டு மதிலோ தூசோ ஏதாவது ஒன்று மறைக்கும். துருவக் குழாய் வழியாகப் பார்த்துச் சரிசெய்யும் முறையை மறந்துவிடுங்கள். நைனா மென்பொருளில் மூன்று புள்ளித் துருவச் சீரமைப்பு என்ற செருகுநிரல் இருக்கிறது. வானத்தின் எந்தத் திறந்த பகுதியையும் மூன்று முறை படம் எடுத்து, விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கலைக் கணக்கில் சொல்லிவிடும். 2 கலைக்குள் கொண்டுவந்தால் போதும்.

அதற்கு முன், உங்கள் மவுண்ட் 10 பாகைக்கு இறங்குமா என்று பாருங்கள். பல ஜெர்மன் வகை மவுண்டுகள் 15 பாகை வாக்கில் முட்டி நின்றுவிடும். அப்படியென்றால் முக்காலியையே சாய்க்க வேண்டும். கால்களின் இடைவெளி 90 செ.மீ. என்றால், ஒரு காலைத் தெற்கே பார்க்க வைத்து அதை மட்டும் 7 செ.மீ. உயர்த்தினால் முழு மவுண்டும் வடக்குப் பக்கம் 5 பாகை தாழும். குமிழ்மட்டம் தப்பாகத்தான் காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அச்சு துருவத்தைப் பார்த்தால் சரி. ஒரு காலைத் தெற்கே திருப்புவதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. இவ்வளவு தாழ்ந்த அகலாங்கில் எதிர்எடைத் தண்டு வடகாலில் இடிக்கும். வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவில் சந்து விட்டால் தண்டு தப்பும். இருந்தாலும், இருட்டும் முன் மோட்டாரை மெதுவாக ஓட்டி முழுச் சுற்றையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். எதிர்எடை இல்லாத ஹார்மோனிக் மவுண்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

படம் எடுப்பது

கணக்குக்கு ஓர் அளவான அமைப்பு: 200 மி.மீ. வாய், 1000 மி.மீ. குவியத்தூரமுள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி, 3.76 மைக்ரான் பிக்சல் கேமரா. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.3ஆல் பெருக்கி, மி.மீ.யிலுள்ள குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் 0.776 ஆர்க் செகண்ட் வரும். இரட்டையின் இடைவெளி 8 பிக்சலுக்குக் கொஞ்சம் குறைவு. போதுமான அளவு. 500 மி.மீ. குவியத்தூரம் என்றால் 4 பிக்சல்தான் கிடைக்கும். பிரிந்ததாகத் தெரியும், அளக்க உதவாது.

ஒளியச்சுச் சீரமைப்பில் சிக்கனம் வேண்டாம். நெபுலாப் படத்தில் கண்ணுக்குப் படாத பிழைகூட இங்கே புள்ளியை ஒரு பக்கம் வால்விட வைக்கும். அந்த வால் இரட்டையின் மற்ற புள்ளியின் மேல் விழுந்தால் அளவு கெட்டது. குவியம் பிடிக்க பாட்டினோவ் மறைப்பை (தொலைநோக்கி வாயில் மாட்டும் கோடுவெட்டிய தட்டு) பயன்படுத்துங்கள். முன்னிரவில் வெப்பம் வேகமாக இறங்குவதால் அரை மணிக்கு ஒருமுறை குவியத்தைத் திரும்பப் பாருங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க நல்ல அடையாளம் என்ஜிசி 3079 என்ற விளிம்புநோக்கிய மண்டலம். சப்தரிஷியின் மெராக் விண்மீனுக்கு மேற்கே 8 பாகைக்குக் கொஞ்சம் மேல், 0.7 பாகை தெற்கே இருக்கிறது. 30 நொடிப் படத்திலேயே ஊசிபோலத் தெரியும். அதன் வடக்கு வடமேற்கே 14 கலை தள்ளித்தான் குவாசர். மேலே சொன்ன அமைப்பில் சதுர வடிவ 9 மெகாபிக்சல் சென்சார் 39 கலை அகலத்தைப் பிடிக்கும், ஆகவே இரண்டும் ஒரே சட்டத்தில் வரும். குவாசரை நடுவில் வையுங்கள். ஓரத்தில் நியூட்டன் வகைக்கு வால்மீன் பிழை (புள்ளி வால்மீன்போல நீள்வது) உண்டு.

கேமரா குளிர்ச்சியைப் பூஜ்யம் செல்சியஸில் வையுங்கள். பங்குனி இரவு 27 பாகை வெப்பத்தில் மைனஸ் 10 கேட்டால் குளிரூட்டி முழு மூச்சில் ஓடி, சமயத்தில் எட்டாமல் அலைபாயும். பிறகு இருட்டுப் படங்கள் பொருந்தாது. 60 நொடி வீதம் 90 படங்கள். நீள எக்ஸ்போஷர் வேண்டாம், காரணம் பின்னால் மங்கலானவற்றைக் கழிக்கப் போகிறோம்; 300 நொடிப் படம் ஒன்று கெட்டால் ஐந்து நிமிடம் போகும். கறுப்பு-வெள்ளை கேமரா என்றால் சிவப்பு வடிகட்டி போடுங்கள். 44 பாகை உயரத்தில் வளிமண்டலம் நீலத்தையும் சிவப்பையும் தனித்தனியே விலக்கிப் புள்ளியை நீட்டும். ஒரே நிறம் என்றால் அது குறையும். இருட்டுப் படம் 30, சமதளப் படம் 30, வழக்கம்போல.

சிரில் மென்பொருளில் சீரமைத்த பின், புள்ளியின் அகலத்தை வைத்து வரிசைப்படுத்தி, நல்ல மூன்றில் ஒரு பங்கை மட்டும் அடுக்குங்கள். 90இல் 30 தேறினால் போதும். எல்லாவற்றையும் அடுக்கினால் இரைச்சல் குறையும், கூர்மையும் சேர்ந்து போகும். நமக்குக் கூர்மைதான் முக்கியம். அடுக்கிய படத்தில் புள்ளி அகலம் 3 ஆர்க் செகண்டுக்குள் இருந்தால் இரட்டை சுத்தமாகப் பிரியும்.

இடைவெளியை அளப்பது

கண்ணுக்கு அழகாக வெளிச்சம் கூட்டிய படத்தில் அளக்காதீர்கள். நேரியல் கோப்பில்தான் அளக்க வேண்டும். முதலில் படத்தை விண்மீன் பட்டியலோடு பொருத்தி உண்மையான பிக்சல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பெட்டியில் எழுதிய 1000 மி.மீ. நடைமுறையில் 990ஆகவோ 1010ஆகவோ இருக்கும். பிறகு வடக்கிலுள்ள ஏ பிம்பத்துக்கும் தெற்கிலுள்ள பி பிம்பத்துக்கும் புள்ளிப் பொருத்தம் போட்டு மையங்களின் ஆயங்களைக் குறித்து, தூரத்தைப் பிக்சலில் கண்டு, ஆர்க் செகண்டாக்குங்கள். 6.1க்கும் 6.2க்கும் நடுவில் வர வேண்டும். 5.7 போல வந்தால் பெரும்பாலும் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். தனித்தனியே பொருத்தும்போது ஒன்று மற்றதை இழுத்து இடைவெளியைச் சுருக்கிவிடும். இரண்டையும் ஒருங்கே பொருத்தும் நிரல் எழுதுங்கள், இல்லையென்றால் இன்னும் கூர்மையான இரவுக்குக் காத்திருங்கள்.

வில்லை மண்டலம் பி பிம்பத்துக்கு வடக்கே 1 ஆர்க் செகண்டில் அதன் ஒளிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. 8 அங்குலத்தில் தனியாகத் தெரியாது. பச்சை வடிகட்டியைவிடச் சிவப்பில் பி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால், அந்தக் கூடுதலில் மண்டலத்துக்குப் பங்கு இருக்கலாம்.

கணக்கு

இரண்டு பிம்பம் தரும் வில்லைக்கு, இடைவெளியில் பாதியை ஐன்ஸ்டைன் ஆரமாக (மூலம் வில்லைக்கு நேர் பின்னால் இருந்தால் தெரியும் வளையத்தின் ஆரம்) எடுத்துக்கொள்ளலாம். 6.1இல் பாதி 3.05. அந்த ஆரத்துக்குள் உள்ள நிறைக்கு நேரடியாகப் பயன்படுத்தக்கூடிய வாய்பாடு:

நிறை = 12.28 கோடி × ஆரத்தின் வர்க்கம் × தொலைவு எண்

ஆரம் ஆர்க் செகண்டில், தொலைவு எண் மெகாபார்செக்கில் (ஒரு மெகாபார்செக் ஏறக்குறைய 32.6 லட்சம் ஒளியாண்டு), விடை சூரிய நிறையில். ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, கோண அலகு மாற்றம் எல்லாம் அந்த 12.28 கோடிக்குள் அடங்கிவிட்டன.

தொலைவு எண் என்பது வில்லைத் தொலைவை மூலத் தொலைவால் (இங்கே குவாசரின் தொலைவு) பெருக்கி, இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவால் வகுத்தது. மூன்றும் கோண விட்டத் தொலைவாக (வானில் தெரியும் கோண அளவை உண்மை அளவோடு இணைக்கும் தொலைவு) இருக்க வேண்டும். வில்லையின் செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளி அலை நீண்ட அளவு) 0.355, குவாசருடையது 1.41. வானியலாளர் நெட் ரைட்டின் இணையக் கால்குலேட்டரில் ஹபிள் மாறிலி 70, பொருள் அடர்த்தி 0.3, தட்டைப் பிரபஞ்சம் என்று கொடுத்தால் இணைநகர் தொலைவு (பிரபஞ்சத்தின் இன்றைய அளவில் பார்த்த தொலைவு) முறையே 1393, 4194 மெகாபார்செக் கிடைக்கும். இதைச் செம்பெயர்ச்சியோடு 1 கூட்டிய எண்ணால் வகுத்தால் கோண விட்டத் தொலைவு: வில்லைக்கு 1393ஐ 1.355ஆல் வகுக்க 1028. குவாசருக்கு 4194ஐ 2.41ஆல் வகுக்க 1740. இடைத் தொலைவுக்கு இணைநகர் தொலைவுகளைக் கழித்து, பிறகு 2.41ஆல் வகுக்க 1162. தொலைவு எண் 1539.

3.05இன் வர்க்கம் 9.30. அதை 1539ஆலும் 12.28 கோடியாலும் பெருக்கினால் ஏறக்குறைய 1.76 லட்சம் கோடி சூரிய நிறை.

தவறு பெரும்பாலும் இடைத் தொலைவில்தான் நடக்கிறது. 1740இலிருந்து 1028ஐ நேரே கழித்து 712 என்று போட்டால் நிறை 1.63 மடங்கு கூடிவிடும். விரியும் பிரபஞ்சத்தில் கோண விட்டத் தொலைவுகளை அப்படிக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. இணைநகர் தொலைவை வகுக்காமல் அப்படியே போட்டால் 1.36 மடங்கு பிழை. பைதான் தெரிந்தவர்கள் ஆஸ்ட்ரோபை நூலகத்தில் இரண்டு செம்பெயர்ச்சிக்கு இடைப்பட்ட தொலைவைத் தரும் செயற்கூறைப் பயன்படுத்தினால் இந்த வில்லங்கம் இல்லை. ஆரத்தில் 5 சதவீதப் பிழை நிறையில் 10 சதவீதமாகும். ஹபிள் மாறிலியை 67 என்றோ 73 என்றோ மாற்றினால் நிறை 4 சதவீதம்தான் நகரும். அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

சாக்கைக் கழிப்பது

1.76 லட்சம் கோடியைக் கண்டதும் கரும்பொருளைக் கண்டுவிட்டதாகச் சிலர் எழுதிவிடுகிறார்கள். மூட்டையைச் சாக்கோடு நிறுத்திருக்கிறோம், அவ்வளவுதான். வில்லை எல்லா நிறையையும் காட்டும்: விண்மீன், வாயு, கரும்பொருள் எல்லாம். அதிலும் உருண்டைக்குள் இருப்பதை அல்ல, நம் பார்வைக்கோட்டில் முன்னும் பின்னும் நீளும் உருளைக்குள் இருப்பதை. இந்தக் குவாசரில் மண்டலக் கொத்தின் பங்கும் சேர்ந்திருக்கிறது. பிம்பங்களின் இடத்தை மட்டும் வைத்துக் கொத்தையும் மண்டலத்தையும் பிரிக்க முடியாது. வில்லையின் ஒளியோ பி பிம்பத்துக்குள் கலந்துகிடக்கிறது. ஆகவே கழித்தல் கணக்குக்கு வேறு வில்லை எடுப்பதே புத்திசாலித்தனம்.

2007இல் அறிவிக்கப்பட்ட காஸ்மிக் ஹார்ஸ்ஷூ, பட்டியல் பெயர் எஸ்டிஎஸ்எஸ் ஜே1148+1930, இதற்குத் தோதானது. வல ஏற்றம் 11 மணி 48 நிமிடம் 33 நொடி, விலக்கம் வடக்கு 19 பாகை 30 கலை. நம் தொலைநோக்கிக்கு எட்டாது. லெகசி சர்வே என்ற வான்படத் தொகுப்பின் இணையப் பார்வையியில் இடத்தைக் கொடுத்துப் படத்தை இறக்கிக்கொள்ளுங்கள். நடுவில் மஞ்சள்-சிவப்பாக வில்லை மண்டலம், சுற்றி நீலமாக முக்கால் வட்டத்துக்கு மேல் வளையம். டிஎஸ்9 மென்பொருளில் வளையத்தின் நடுக்கோட்டில் வட்டம் போட்டுப் பொருத்துங்கள். உள்விளிம்பையோ வெளிவிளிம்பையோ பிடித்தால் பிழை அரை ஆர்க் செகண்ட் வரை போகும். ஆரம் 5 ஆர்க் செகண்ட் வரும்.

வில்லையின் செம்பெயர்ச்சி 0.444, மூலத்துடையது 2.381. தொலைவு எண் 1682. வாய்பாட்டில் போட்டால் 5.16 லட்சம் கோடி சூரிய நிறை.

இனி விண்மீன்கள். ஸ்லோன் வானளவைப் பட்டியலில் வில்லை மண்டலத்தின் ஐ (i) வடிகட்டி ஒளிர்வெண்ணைப் பாருங்கள். 18.3 என்று வைத்துக்கொண்டு கணக்கைக் காட்டுகிறோம். நீங்கள் எடுத்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒளிர்வுத் தொலைவு 2458 மெகாபார்செக், அதற்கான ஒளிர்வெண் வித்தியாசம் 41.95. இந்தச் செம்பெயர்ச்சியில் ஐ வடிகட்டியில் விழுவது, மண்டலத்தை விட்டுக் கிளம்பியபோது மஞ்சள்-பச்சையாக இருந்த ஒளி. பட்டை விரிந்ததற்கான திருத்தம் 0.40. ஆக 18.3 − 41.95 + 0.40 = −23.25. அதே பட்டையில் சூரியன் 4.81. வித்தியாசம் 28.06 என்றால் ஏறக்குறைய 16,800 கோடி சூரியன்களின் ஒளி. முதிய விண்மீன்கள் நிறைந்த மண்டலத்தில் ஒரு சூரியன் ஒளிக்கு 3 முதல் 6 சூரிய நிறை போடலாம். நடுவாக 4 என்றால் 0.67 லட்சம் கோடி.

5.16இல் 0.67 என்பது 13 சதவீதம். விகிதத்தை 6 வரை தாராளமாக உயர்த்தினாலும் 20 சதவீதத்தைத் தாண்டாது. நடுவில் பெரிய கருந்துளை இருந்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். இதே மண்டலத்தின் மையக் கருந்துளைக்கு 3,600 கோடி சூரிய நிறை என்று 2025இல் ஓர் ஆய்வு வெளியானது. அறியப்பட்ட மிகப் பெரியவற்றில் அது ஒன்று. ஆனாலும் நம் மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை.

எல்லா வில்லையிலும் இதே பங்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹார்ஸ்ஷூவின் 5 ஆர்க் செகண்ட் ஆரம் அங்கே 93,000 ஒளியாண்டு. அதாவது மண்டலத்தின் புறப்பகுதி வரை அளந்திருக்கிறோம். மாறாக, யூக்ளிட் விண்கலம் என்ஜிசி 6505 மண்டலத்தில் கண்ட வளையம் (2025இல் அறிவிக்கப்பட்டது) மையத்திலிருந்து வெறும் 7,000 ஒளியாண்டு வாக்கில் இருக்கிறது. அங்கே கரும்பொருள் பங்கு 11 சதவீதம்தான். நடுவில் விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கரும்பொருள் வெளியே பரந்து கிடக்கிறது. உங்கள் விடையை எழுதும்போது எந்த ஆரத்துக்குள் என்று குறிப்பிடாவிட்டால் அந்தச் சதவீதத்துக்குப் பொருளே இல்லை.

இதற்கு மேல் போக விரும்பினால் லென்ஸ்ட்ரானமி என்ற இலவசப் பைதான் நூலகம் இருக்கிறது. வளையத்தின் ஒவ்வொரு பிக்சலையும் பொருத்தி, வழுவழுப்பான நிறைப் பரவலால் விளக்க முடியாத சிறு நெளிவுகளைத் தேடலாம். அப்படி ஒரு நெளிவிலிருந்துதான் 2012இல் ஜேவாஸ் பி1938+666 வில்லையில் 19 கோடி சூரிய நிறையுள்ள, கண்ணுக்குத் தெரியாத துணை மண்டலம் கண்டறியப்பட்டது. அதற்கு ஹபிள் அல்லது ஹவாயின் கெக் தொலைநோக்கித் தரத்துப் படம் வேண்டும். மாடிப் படத்தில் முயலாதீர்கள்.

417 நாள்

மாடிப் படத்தால் செய்யக்கூடிய வேறொரு வேலை உண்டு. ஏ பாதை குறுகியது, பி பாதை நீண்டது. ஏ பிம்பத்தில் தெரியும் ஒளி மாற்றம் 417 நாள் கழித்து பி பிம்பத்தில் தெரியும். வருடாவருடம் இரண்டின் ஒளிர்வெண்ணையும் குறித்துவந்தால், 417 நாள் நகர்த்தி ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். பொருந்தாமல் மிஞ்சுவது, வில்லை மண்டலத்தின் தனி விண்மீன்களோ வேறு இறுகிய பொருள்களோ குறுக்கே வந்ததன் தடம். இந்தக் குவாசரில் அத்தகைய வேகமான துடிப்புகள் எதிர்பார்த்த அளவு இல்லாததை வைத்துத்தான், கரும்பொருள் முழுவதும் சில நிறை வரம்புகளுக்குள் இருக்கும் இறுகிய உருண்டைகளாக இருக்க முடியாது என்று ஒதுக்கினார்கள்.

மாற்றம் 0.1 ஒளிர்வெண் அளவில்தான் இருக்கும் என்பதால் அளவீடு 0.02க்குள் நிற்க வேண்டும். அதே சட்டத்தில் 14 முதல் 16ஆம் ஒளிர்வெண் வரையுள்ள நான்கைந்து விண்மீன்களைத் தேர்ந்து, ஒவ்வோர் ஆண்டும் அவற்றோடு மட்டுமே ஒப்பிடுங்கள்; கேமராவையோ வடிகட்டியையோ நடுவில் மாற்றாதீர்கள். பி பிம்பத்தில் வில்லை மண்டலத்தின் ஒளி எப்போதும் கலந்திருக்கும். ஒளி அளக்கும் வட்டத்தின் அளவை ஒரே மாதிரி வைத்தால் அது பெரும்பாலும் மாறாத கூட்டலாக நிற்கும். கூர்மை கெட்ட இரவில் மட்டும் ஏ ஒளியும் உள்ளே வழியும் என்பதால் புள்ளி அகலம் 3.5க்கு மேல் போன இரவுகளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஏ பிம்பத்தின் மார்ச் மாற்றம் பி பிம்பத்தில் அடுத்த மே மாதம் வரும். அப்போது குவாசர் அந்தி மங்குவதற்குள்ளேயே உச்சம் தாண்டிவிடும், கோடை மழை மேகமும் கூடும். ஆகவே பருவத்தின் தொடக்கமான ஜனவரி, பிப்ரவரியில் ஏ பிம்பத்துக்கு அதிக இரவுகள் கொடுங்கள். அதன் எதிரொலி அடுத்த ஆண்டு மார்ச், ஏப்ரலில், வானம் தெளிந்த காலத்தில் வந்து விழும். கோப்பில் நேரத்தை இந்திய நேரத்தில் எழுதாமல் உலகப் பொது நேரத்தில் எழுதி, அன்றைய புள்ளி அகலத்தையும் கூடவே குறித்து வையுங்கள்.